பூதபுரியில் ஒரு காலி வீடு

கைலாயத்தில் ஒரு நாள் பரமசிவன் சடையை விரித்து ஆனந்த நடனம் ஆடிக்கொண்டிருந்தாராம். கூட இருந்த பூதகணங்கள் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டன. ஆடியவருக்குக் கோபம் வந்தது. அந்த ஸ்தலத்துக்குச் சொந்தக்காரரும் அவரே ஆனபடியால், உடனே காலி செய்யும்படி பூதகணங்களுக்கு உத்தரவாயிற்று. முன்னறிவிப்பு இல்லை, முன்பணம் திருப்பித் தரும் பேச்சும் இல்லை. போக்கிடமற்ற பூதங்கள் மகாவிஷ்ணுவைச் சரண் புகுந்தன. அவர் ஆதிசேஷனைக் கொண்டு ஒரு குளம் உண்டாக்கி, அதில் அவற்றை மூழ்கச் செய்து, சாப விமோசனம் அளித்தார். அந்த இடத்துக்குப் பூதபுரி என்று பெயர் ஏற்பட்டது. இன்று நாம் ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்வது அந்தப் பூதபுரியைத்தான் என்பது ஸ்தல புராணம்.

புராணத்தை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற சித்திரை மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாம் மேற்படி பூதபுரியிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் வாடகைக்கு ஒரு வீடு தேடி அலைந்தோம். பூதகணங்கள் எவ்வளவு பாக்கியசாலிகள் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. "நீங்கள் குடும்பமா, தனி ஆட்களா? எந்த ஊர்? என்ன சாதி? மாமிசம் சமைப்பது உண்டா?" என்று மகாவிஷ்ணு அவற்றைக் கேட்டதாகப் புராணத்தில் எங்கும் காணப்படவில்லை.

வீடு நமக்காக அல்ல. நம் அண்ணன் மகன் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் மோட்டார் வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் மனைவிக்குச் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் வேறொரு தொழிற்சாலையில் வேலை. ஒன்றரை வருஷமாக அவன் ஒரகடத்தில் ஓர் அறையில் ஏழு பேருடன் இருந்தான். அவள் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள். நாலு வயதுப் பெண் குழந்தை ஊரில் பாட்டியிடம் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று ஜாகை! ஜமீன்தார்களுக்குக் கூட இரண்டு மாளிகைகள்தான் இருப்பது வழக்கம் என்று நாம் பரிகாசம் செய்தோம். பையன் சிரிக்கவில்லை.

"சித்தப்பா! பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் குழந்தை பாட்டியிடம் போய், 'இந்த மாமா எப்போது ஊருக்குப் போவார்?' என்று கேட்டாள்" என்றான்.

அதற்கு மேல் பரிகாசம் செய்ய நமக்கும் வாய் வரவில்லை. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எப்படியாவது ஒரு வீடு பிடித்து, குழந்தையை அழைத்து வந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ராஜபாட்டையில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். ஏரிகள் மலிந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1017-ம் வருஷத்தில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்று வைஷ்ணவர்கள் கொண்டாடுவது. 1991-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரவு ராஜீவ் காந்தி குண்டு வெடித்து உயிர் நீத்ததும் இந்த ஊரில்தான். அது வரையில் இங்கே வீடு தேடி வெளியூரார் வந்து நிற்பது அபூர்வம். வந்தவர்கள் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார்கள்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி அஸ்திவாரம் போட்டது. 1998-ல் அங்கிருந்து மோட்டார் வண்டிகள் வெளிவந்தன. 2006-ல் நோக்கியா டெலிபோன் தொழிற்சாலை வேலை தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். 2012-ல் பாரத் பென்ஸ் லாரிகள். 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள். இவற்றுக்கு டயர், கண்ணாடி, கம்பி, திருகாணி செய்து கொடுக்கும் சில்லறைத் தொழிற்சாலைகளைக் கணக்கெடுத்தால் இந்தப் பத்திரிகை முழுதும் போதாது. அந்நிய நாட்டிலிருந்து மோட்டார் வண்டிகள் கப்பலில் வந்து இறங்குவதைப் பார்த்து நம் தாத்தாமார் வாய் பிளந்த காலம் போய், நம் ஊர் வண்டிகள் கப்பல் ஏறி அந்நிய நாடு போகும் காலம் வந்திருக்கிறது. தேச பக்தி உள்ளவர்கள் யாரும் இதில் பெருமிதம் அடையாமல் இருக்க முடியாது. நாமும் ஒரகடம் மேம்பாலத்தின்மேல் நின்று கொஞ்ச நேரம் பெருமிதம் அடைந்தோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டபடியால் வீடு தேடக் கிளம்பினோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் டவுனுக்குள்ளேயே தேடினோம். வாசலில் தொங்கிய 'டு-லெட்' பலகைகளுக்குக் குறைவில்லை. 'குடும்பத்தாருக்கு மட்டும்' என்றது ஒரு பலகை. நமக்குப் பரம சந்தோஷம். குடும்பத்தை ஒன்று சேர்ப்பதற்காகத்தானே வந்திருக்கிறோம்! உள்ளே போனதும் வீட்டுக்காரர் நாற்காலி கொடுத்து உபசரித்து, குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். ஹைக்கோர்ட்டு வக்கீல்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

"இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்களா?"

"ஆமாம்."

"ஷிப்டு வேலையோ?"

"ஆமாம்."

"அப்படியானால் அந்தப் பெண் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருவாள், விடியற்காலை நாலு மணிக்குப் போவாள், இல்லையா?"

"கம்பெனி பஸ்ஸில்தான் வருவாள், போவாள்."

"பஸ்ஸில் வந்தாலும் ஏரோப்ளேனில் வந்தாலும் வாசல் கதவை நான்தானே திறக்க வேண்டும்? எங்கள் வீட்டில் பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவோம். அக்கம் பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்."

பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தப்பாக எண்ணக்கூடாது, நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி எதைக் குறிப்பது என்பது தமிழ் நாட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். நாம் எழுந்துகொண்டோம். தெருக்கோடியில் கோயில் கோபுரம் தெரிந்தது. குருவின் கட்டளையை மீறினால் நரகம் என்று தெரிந்தும், திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி, எல்லா ஜனங்களுக்கும் கேட்கும்படி மந்திரத்தை உரக்கச் சொன்னதாக எந்த மகானைப் பற்றிக் கதை இருக்கிறதோ, அந்த மகான் பிறந்த ஊர் இது. அவர் இருந்த காலத்திலேயே செய்த 'தானுகந்த திருமேனி' இன்னும் அந்தக் கோயிலில் இருக்கிறது. கோயிலுக்கும் மேற்படி வீட்டுக்கும் நடந்து போகிற தூரந்தான்.

அன்று பார்த்த மற்ற வீடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு வீட்டில் அறைகள் நன்றாயிருந்தன, ஜன்னல்கள்தான் இல்லை. இன்னொன்றில் பத்து மாத வாடகை முன்பணம் கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. தரகர் நம்மை அழைத்துச் சென்ற அரை மணி நேரத்துக்குள் வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்று சொன்னார்கள். எனினும், தரகருக்குப் பெட்ரோல் செலவு கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் பக்கம் போனோம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் சந்திக்கும் இடம் அது. பையன் முதலில் தன் சொந்த ஜாகையைக் காட்டினான். இந்தப் பக்கத்தில் 'லைன் வீடு' என்கிறார்கள். ஒரு நீண்ட சுவர். அதில் வரிசையாகப் பத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஓர் அறை. கோடியில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு குளியலறைகள். வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு. எத்தனை தலைகள் சேருகின்றனவோ, வீட்டுக்காரருக்கு அவ்வளவு லாபம். பையனுடைய அறையில் எட்டுத் தலைகள். ஆனால் பாய்கள் நாலுதான் இருந்தன.

"மற்ற நாலு பேர் எங்கே படுப்பார்கள்?" என்று கேட்டோம்.

"இதே பாயில்தான், சித்தப்பா. இவர்கள் எழுந்து பகல் ஷிப்டுக்குப் போனதும் இரவு ஷிப்டுக்காரர்கள் வந்து படுத்துவிடுவார்கள். பாய்க்குத்தான் ஓய்வே கிடையாது."

பக்கத்து அறையில் பீகார்க்காரர்கள், அதற்கடுத்ததில் ஒடிசாக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமையானதால் வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நம் பையன் அவரிடம் இந்தியில் ஏதோ கேட்க, அவர் தமிழில் பதில் சொன்னார். தேசீய ஒற்றுமையைப் பற்றி டில்லியிலும் சென்னையிலும் மகாநாடுகள் கூடித் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. ஒரகடம் லைன் வீட்டில் அது ஒரு கிண்ணம் சாம்பாருக்கு இரண்டு ரொட்டி என்ற விகிதத்தில் தினந்தோறும் நடைபெற்று வருகிறது. ஆனால் தலைக்கு வாடகை வசூலிக்கும்போது வடக்கத்தித் தலைக்குக் கொஞ்சம் அதிகம் என்று கேள்விப்பட்டோம். பாஷை தெரியாத தலை பேரம் பேசாதல்லவா?

வீட்டுக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. அந்த லைன் வீட்டின் சொந்தக்காரர் ஒரு பெரியவர், வேஷ்டியும் துண்டுமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருடன் வெகு நேரம் சம்பாஷித்தோம். அவருடைய நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டதாம். கிடைத்த பணத்தோடு பாங்கில் கடனும் வாங்கி இந்த அறைகளைக் கட்டினாராம்.

"நெல் விளைந்தால் கடவுளைக் கும்பிடுவோம், விளையாவிட்டால் கடவுளைத் திட்டுவோம். இப்போது கம்பெனியை நம்பி இருக்கிறோம். 2014-ல் நோக்கியாவை மூடினார்கள். என் மைத்துனன் ஸ்ரீபெரும்புதூரில் மாடி மேல் மாடி கட்டி வைத்திருந்தான். ஆறு மாதம் ஒரு விளக்குக் கூட எரியவில்லை. பாங்கிக்காரன் மட்டும் மாதம் தவறாமல் வந்தான். அதனால்தான் ஆள் இருக்கும்போதே நாலு காசு சேர்த்துக்கொள்கிறோம்" என்றார்.

பெரியவர் சொன்னதில் நமக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னைப் பட்டணமே காலியாயிற்று. 'வாடகை வேண்டாம், வீட்டில் விளக்கேற்றி வைத்தால் போதும்' என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சினார்களாம். இரண்டொரு வருஷத்தில் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். வீட்டுப் பஞ்சமும் கூடவே வந்தது. குடக்கூலிக்கு வரம்பு கட்டச் சர்க்கார் 1946-ல் சட்டம் போடவேண்டியதாயிற்று. வாடகை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் பரஸ்பர பயம் ஒன்றுதான் நிரந்தரமாக இருந்து வருகிறது.

ஆனால் இந்தப் பிரதேசத்தில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான ஆட்களை வேலைக்கு வைக்கும் தொழிற்சாலைகள்தான் அது. அவை வந்தபோது நிலம் கேட்டன. மின்சாரம், தண்ணீர், சாலை, துறைமுகத்துக்கு வழி எல்லாம் கேட்டன. சர்க்காரும் கொடுத்தார்கள். வேலை செய்கிறவர்கள் இரவில் எங்கே படுப்பார்கள் என்று அந்நாளில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் இது நம் தேசத்துக்குப் புதிய கேள்வி அல்ல. ஜாம்ஷெட்ஜி டாட்டா இரும்புத் தொழிற்சாலைக்கு இடம் கூடத் தீர்மானமாகாத 1902-ம் வருஷத்திலேயே, தொழிலாளர் நகரத்தில் அகலமான வீதிகளும், நிழல் தரும் மரங்களும், விளையாட இடமும், கோயிலும் மசூதியும் மாதாகோயிலும் இருக்கவேண்டும் என்று தம் குமாரருக்குக் கடிதம் எழுதினார். இன்று ஜாம்ஷெட்பூர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மாகாணத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டியபோதும், திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை அமைத்தபோதும் கூடவே வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டினார்கள். சர்க்கார் தொழிற்சாலைகளைப் பற்றி எவ்வளவோ குறை சொல்கிறோம். அவற்றின் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணில் நீர் வரப் பேசுவார்கள்.

இங்கே அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பெண்கள். 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கேட்டார்கள். சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துபோனதாக ஒரு வதந்தி பரவிற்று. அது உண்மையல்ல; ஆனால் விடுதிகளின் நிலைமையை அறிந்தவர்களுக்கு அதை நம்புவது சுலபமாயிருந்தது. இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் ராஜபாட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிப் பனியில், சின்னஞ்சிறு பெண்கள்! தொழிற்சாலை மூடப்பட்டது. விடுதிகள் சிலவும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் விதிகளுக்கு ஒத்ததாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, பாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் தொழிற்சாலை மறுபடி திறந்தது.

நம் பையனின் மனைவி அப்போது இங்கே இல்லை. ஆனால் அவளுடைய விடுதியில் இரண்டு பெண்கள் அந்த இரவைப் பற்றி அடிக்கடி பேசுவார்களாம். "நாங்கள் கூலி உயர்வு கேட்கவில்லை, சோறும் தண்ணீரும் படுக்க இடமும் கேட்டோம் என்று சொல்வார்கள், மாமா" என்றாள்.

அந்த இரவுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. ஒரகடத்துக்கு அருகில் வல்லம் வடகாலில் 'சிப்காட்' நிறுவனம் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது. முதல் மந்திரி திறந்து வைத்தார். பாக்ஸ்கான் தலைவரும் வந்திருந்தார். பதின்மூன்று கட்டிடங்கள், 18,720 பேர் தங்கலாம், செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்தோம். அசாத்தியமான கட்டிடந்தான். ஓர் அறைக்கு ஆறு பேர் என்ற கணக்கு. விடுதிகளில் பட்ட பாட்டை நினைத்தால் இது சுவர்க்கலோகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் சுவர்க்கலோகத்தில் அதன் விதிப்படி தனியாய் வந்த பெண்களுக்கே இடம். புருஷன், குழந்தை, பாட்டி ஆகியோர் பூலோகத்தில்தான் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். பதினெட்டாயிரம் பெண்களும் என்றென்றைக்கும் இருபது வயதிலேயே இருந்துவிடப் போவதில்லை.

ஆகவே மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பூலோகத்தில் தேடலைத் தொடர்ந்தோம். இதற்குள் கொஞ்சம் ஞானம் பிறந்திருந்தது. வாசகர்களுக்கும் பயன்படலாம் என்று சொல்கிறோம். இந்தப் பிரதேசத்தில் வீடு தேடுகிறவர் முதலில் வீட்டைப் பார்க்கக் கூடாது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மைல் தள்ளி வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று ஆசைப்பட்டால், நள்ளிரவில் இறங்கும் பெண் அந்த ஒரு மைலையும் இருட்டில் நடக்க வேண்டும். ஆகையால் நம் பையனும் அவன் மனைவியும் முதலில் இரண்டு பஸ்களும் நிற்கக்கூடிய ஊர்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். மூன்று ஊர்கள் தேறின. அவற்றில்தான் தேடினோம்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். பகலில் போய்க் குழாயைத் திறந்து பார்த்தால் போதாது. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. குடிநீருக்குத் தனியாகக் 'கேன்' வாங்க வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்குப் பங்கு கேட்பார்கள். இதற்கு நேர்மாறான அபாயமும் உண்டு. ஏரி ஜில்லா என்று முன்னமே சொன்னோம் அல்லவா? ஏரிக்குப் போகும் கால்வாயின் மேல் மண் போட்டு மனை பிரித்த இடங்கள் எவ்வளவோ. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் வாசிகள் மொட்டை மாடியில் நின்ற கதை எல்லாருக்கும் தெரியும். ஆகையால் சுவரின் அடிப்பாகத்தில் கோடு கோடாகத் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுச் சுண்ணாம்பு இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை!

மூன்றாவது, மின்சாரம். வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டைச் சர்க்கார் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பல வீட்டுக்காரர்கள் தாமே ஒரு சின்ன மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே தங்கள் இஷ்டப்படி விலை போட்டுவிடுகிறார்கள். நாம் பார்த்த ஓர் இடத்தில் இதைக் கேட்டதும், "வேண்டுமானால் இருங்கள், வேண்டாமானால் போங்கள்" என்று பதில் வந்தது. போய்விட்டோம்.

கடைசியாகப் பத்திரம். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ் நாட்டில் அமுலில் இருக்கிறது. குடித்தன ஒப்பந்தத்தை எழுத்து மூலமாகச் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தக் கூடாது. சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் 'இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டாலன்றி' என்ற வாசகம் இருக்கிறதே, அதற்குள் வீட்டுப் பஞ்சம் முழுதும் புகுந்துகொள்ளும். வேறு வீடு கிடைக்காதவன் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

மூன்றாவது ஊரில் வீடு கிடைத்தது. ஊரின் பெயரைச் சொன்னால் நாளைக்கே வாடகை ஏறிவிடும். ஆகையால் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரி ஒரு விதவை. கீழே அவள் குடியிருக்கிறாள். மாடியில் ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு. படி வெளிப்புறமாகவே இருந்தது. நள்ளிரவில் யாரும் யாருக்கும் கதவு திறக்க வேண்டியதில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தோம், கொஞ்சம் உப்புத்தான், பாதகமில்லை. வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு; முன்பணம் நாலு மாதம். சட்டத்தைச் சொல்லி மூன்று மாதமாகக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் அந்த அம்மாள் பையனின் மனைவியைப் பார்த்து, "ஷிப்டு வேலையா, கண்ணு?" என்று கேட்டாள்.

நமக்குத் திக்கென்றது. "ஆமாம் அம்மா. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"என் மகளும் எட்டு வருஷம் நோக்கியாவில் ஷிப்டுப் பார்த்தவள்தான். மூடுகிற வரைக்கும் இருந்தாள். இராத்திரி வந்தால் படி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறு, இருட்டில் ஏறாதே. குழந்தை இருக்கிறதா?"

"இருக்கிறது. ஊரில் இருக்கிறது."

"அதை ஏன் ஊரில் விட்டாய்? இங்கே பள்ளிக்கூடம் எட்டின தூரத்தில் இருக்கிறதே!"

முன்பணத்தைப் பற்றிப் பேரம் பேச நாம் மறந்துபோனோம். ஆனாலும், ஒப்பந்தத்தைக் காகிதத்தில் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று மட்டும் சொன்னோம். "தாராளமாய் எழுதுங்கள். எனக்குத்தான் கண் தெரியாது, படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்" என்றாள் அந்த அம்மாள்.

அடுத்தாற்போல் பால் காய்ச்ச நாள் பார்க்க வேண்டும். அண்ணன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை மணிக்குள் நல்ல முகூர்த்தம் என்று ஊரிலிருந்து டெலிபோன் செய்தார். பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குக் காலை ஷிப்டு; ஐந்து மணிக்குப் பஸ். அவளுக்கு அந்த வாரம் இரவு ஷிப்டு. காலை ஏழு மணிக்குத்தான் வீடு வந்து சேருவாள். அதற்கடுத்த வாரம் அவனுக்கு இரவு, அவளுக்குப் பகல். ஞாயிற்றுக்கிழமையோ அஷ்டமி.

"அஷ்டமியாவது, நவமியாவது! இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற நேரந்தான் முகூர்த்தம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாட்டியும் குழந்தையும் தருமபுரி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பால் பொங்கிற்று. பக்கத்து வீட்டில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் தூங்குகிறார்கள் என்று வீட்டுக்காரி எச்சரித்தபடியால் யாரும் சத்தம் போடவில்லை. குழந்தை மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து, பாட்டியின் காதில் ஏதோ கேட்டது. என்ன கேட்கிறாள் என்று நாம் விசாரித்தோம்.

"அப்பாவும் இங்கேயேதான் படுத்துக்கொள்வாரா என்று கேட்கிறாள்" என்றாள் பாட்டி.